மாமனாருக்கும் ஓர் உச்சவரம்பு

அம்பலவாணன் வீட்டிலிருந்து, வரப்போகிற மருமகனுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு சாப்பாட்டுப் பார்சல் போவது மோர்டனில் ஊரறிந்த சங்கதி. அதில் ஒளிவுமறைவு ஏதும் இருக்கவில்லை. ஒளித்துக் கொடுக்கிற சோறு சோறாகுமா? ஆனால், அந்தப் பார்சலால் லண்டன் மாநகரின் விளையாட்டு நீதியே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று ஓர் ஆணையம் கண்டுபிடித்துச் சொல்லும்வரை, தான் கட்டிக் கொடுத்தது அவ்வளவு பாரமான பார்சல் என்பது அவருடைய மனைவி கலாவதிக்கே தெரியாது.

மாப்பிள்ளை யதுசன் மெல்பேர்னில் பிறந்து வளர்ந்தவன். வேலை காரணமாக லண்டனுக்கு வந்தபோது, ஊரில் பழகிய ஆட்டத்தையும் கூடவே கொண்டுவந்தான். ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து என்று அதற்குப் பெயர். முட்டை வடிவமான மைதானத்தில் முட்டை வடிவமான பந்தை, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் நின்று உதைத்தும் குத்தியும் கொண்டுபோவார்கள். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையால் உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்து இடைவெளிக்குள் போனாலும் ஒரு புள்ளி. தவறுக்குச் சன்மானம் கொடுக்கும் விளையாட்டை அம்பலவாணன் அதற்குமுன் கண்டதில்லை. உத்தியோகங்களில்தான் கண்டிருக்கிறார்.

யதுசன் ஆடிய கழகத்துக்கு மோர்டன் மயில்கள் என்று பெயர். அது தேம்ஸ் ஓவல் லீக் என்ற அமைப்பில் சேர்ந்தது. அந்த லீக்கில் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. ஒரு கழகம் தன் ஆட்டக்காரர் எல்லோருக்குமாகச் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். பணக்காரக் கழகம் நல்ல ஆட்டக்காரரையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடக் கூடாது, இல்லாத கழகமும் ஒரு நாள் கோப்பையைத் தூக்க வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தில் செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு வந்த நாள் முதல் கோப்பையை ஒரே கழகம்தான் தூக்கி வருகிறது. ஆற்றங்கரைச் செல்வந்தர்களின் கழகமான ரிவர்பாங்க் ராஜாளிகள். ஏற்பாடு இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் எவ்வளவு அநியாயமாகப் போயிருக்குமோ என்று லீக்கின் சமநீதி ஆணையம் ஆண்டறிக்கைதோறும் நடுங்குவது வழக்கம்.

அம்பலவாணன் பக்கத்து ஊரான சட்டனில் அரிசியும் சரக்கும் மொத்தமாக விற்கிறவர். முதுகு வளையாத மனிதர். முதுகுநோ வந்த காலத்தில்கூட நிமிர்ந்தபடிதான் நோவை அனுபவித்தார். மருமகனாக வரப்போகிறவன் ஆடுகிற கழகம் என்பதற்காக, மயில்களின் பனியனில் ‘அம்பலம் ஸ்டோர்ஸ்’ என்று அச்சடிக்க ஒரு சிறு நன்கொடை கொடுத்திருந்தார். பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுவே வித்து.

யதுசனும் அவருடைய ஒரே மகள் மேனுஷாவும் ஒருவரையொருவர் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அதன்பின் பெரியவர்கள் சாதகம் பார்த்து, பொருத்தம் பேசி, தாங்கள்தான் கண்டுபிடித்ததாக முடிவுசெய்தார்கள். மெல்பேர்னிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், “எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், பிள்ளையைத் தந்தால் போதும்,” என்றார்கள்.

“நீங்கள் கேளாமல் விட்டது உங்கட பெருந்தன்மை,” என்றார் அம்பலவாணன். “நான் குடுக்காமல் விட்டால் அது என்ர சிறுமை.”

சட்டனில் அவர் வாங்கிவைத்திருந்த வீட்டை மேனுஷாவின் பேருக்கு எழுதுவது என்று அன்றே முற்றாயிற்று. யாழ்ப்பாணத்தார் வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு, பெண் இருக்கிற இடத்தில் மாப்பிள்ளை. ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். லீக்கின் இறுதியாட்டம் அதற்கு அடுத்த சனிக்கிழமை. மயில்கள் தங்கள் வரலாற்றிலேயே முதன்முறையாக இறுதியாட்டத்தை எட்டிவிடுவார்கள் போல இருந்த ஆண்டு அது. எட்டுகிறவர்களை எட்டிப்பார்ப்பது ஆணையத்தின் கடமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாலசுப்பிரமணியன் வந்து அழைப்புமணியை அடித்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், வாரநாட்களில் ஒரு வங்கியில் சம்பளத்துக்குச் சந்தேகப்படுகிறவர், வாரஇறுதியில் லீக்குக்காக இலவசமாகச் சந்தேகப்படுகிறவர். தமிழ் வீடு என்பதால் ஆணையம் அவரை அனுப்பியிருந்தது.

“தப்பா நினைக்காதீங்க சார், சும்மா ஒரு விசாரிப்பு,” என்றபடி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். “யதுசன் மயில்களோட ஆட்டக்காரர். நீங்க மயில்களோட விளம்பரதாரர். உங்க வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு போகுது. லீக் பார்வையில அது சம்பளம்.”

“சாப்பாடு சம்பளமோ?” என்றார் அம்பலவாணன்.

“பொருளாக் கொடுக்கிற சம்பளம். கவலையே படாதீங்க. எங்க விதியில மிஞ்சின சாப்பாட்டுக்கு மதிப்பு கிடையாது. முந்தின நாள் மிச்சத்தைத்தானே மேடம் அனுப்புறீங்க? ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்.”

நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். வேறு எந்த நாட்டவராக இருந்தாலும் ஆமென்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கலாவதி தேத்தண்ணித் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

“தம்பி, வாசல் ஏறி வந்திட்டீங்கள், அதால பொறுக்கிறன். மருமகனுக்கு மிச்சச்சோறு அனுப்புற வீடு எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? நண்டு சனிக்கிழமை விடியத்தான் வாங்கிறது. சட்டிக்குள்ள போகுமட்டும் நடந்து திரியும்.”

“உயிர் நண்டா,” என்று பாலசுப்பிரமணியன் கவலையோடு கைப்பேசியில் தட்டெழுதினார். “விலை ஏறுமே மேடம். சின்ன நண்டுதானே?”

“சின்ன நண்டை ஆர் வாங்குவினம்?”

அவர் பெருமூச்சு விட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “சரி, அந்தச் சட்டன் வீட்டுக்கு வருவோம் சார். பழைய வீடுதானே? கூரை ஒழுகும், சுவத்துல ஈரம் இருக்கும். லண்டன்ல எந்த வீட்லதான் ஈரமில்லை? ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மதிப்பைப் பாதியா இறக்கிடறேன். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்.”

“என்ர பிள்ளைக்குக் குடுக்கிற வீடு ஒழுகுமோ?” அம்பலவாணன் இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தார். “கூரை முழுக்கப் புதுசா மாத்தினது. குசினி புதுசு. பின்னுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டினது. எழுதுங்கோ.”

“அதை நான் எழுதணுமா சார்?”

“எழுதுங்கோ தம்பி. நகை கேக்கேல்லையே?”

அவர் நகையைப் பற்றிக் கேட்கும் எண்ணத்தோடு வரவில்லை. கேட்காதவர் என்று அவரை விட்டுவிட முடியுமா? நகைப்பெட்டி மாடியிலிருந்து இறங்கியது. அட்டியல் முதல் காப்பு வரை மேசையில் பரவியது. “கார் ஒண்டும் குடுக்கிற யோசனை இருக்கு,” என்றார் அம்பலவாணன். அந்த யோசனை அவருக்கு அந்த நிமிடத்தில்தான் வந்தது. கலாவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அதிகாரியின் முன் ஏழையாகத் தெரிய ஆசைப்படுவது உலக வழக்கம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற யாழ்ப்பாணத்தானிடம், அதுவும் இந்தியாக்காரர் ஒருவர் சோபாவில் இருக்கும்போது, அந்த வழக்கம் செல்லாது. பாலசுப்பிரமணியன் மதியச் சாப்பாடு முடித்து எழுந்தபோது அவருடைய முகத்தில் நண்டுக்கறியின் நிறைவும் நீதியின் துயரமும் சேர்ந்து இருந்தன.

“எனக்குப் போட்டதையாவது மிச்சம்னு குறிச்சுக்கட்டுமா மேடம்? இல்லேன்னா நான் லஞ்சம் வாங்கினதா ஆயிடும்.”

“லஞ்சமாவே ஆகட்டும்,” என்றாள் கலாவதி.

ஆணையம் கூடுவது நகரத்தின் நடுவே ஒரு மதுச்சாலையின் மாடியில். அம்பலவாணன் தம் வாழ்நாளில் மதுச்சாலைப் படி மிதித்ததில்லை. நீதியைத் தேடி அதன் வழியாகத்தான் ஏற வேண்டும் என்றபோது, குடையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, இருபுறமும் பாராமல் ஏறினார். மேசையில் சாப்பாடும் போத்தல்களும் நிறைந்திருந்தன. விசாரணை நீளும் என்று ஒரு நலன்விரும்பி அனுப்பிவைத்தவையாம்.

தலைவர் கோர்டன் ஆட்லி எழுந்தார். மெல்பேர்னிலிருந்து வந்து லண்டனில் நரைத்தவர். குரலில் மட்டும் இளமை குறையவில்லை.

“உச்சவரம்பு என்பது வெறும் எண் அல்ல, அது ஒரு பண்பாடு,” என்று தொடங்கினார். “இந்த லீக்கில் வெற்றியை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ராஜாளிகளின் தலைவராகப் பல காலம் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நாங்கள் ஒருநாளும் வெற்றியை வாங்கியதில்லை. ஆட்டக்காரர்களைத்தான் வாங்கினோம்.”

கைதட்டல் எழுந்தது. பிறகு நண்டின் மதிப்பு வாசிக்கப்பட்டது. தேம்ஸ் கரையில் வெள்ளை மேசைவிரிப்பு விரித்த உணவகம் ஒன்றின் விலைப்படி அதைக் கணக்கிட்டிருந்தார்கள். வீடு, நகை, இன்னும் வாங்காத கார், எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் யதுசனின் சம்பளத்தோடு கூட்டினால் மயில்கள் உச்சவரம்பைத் தாண்டி மேகத்தைத் தொட்டிருந்தன.

“வீடு என் மகளுக்கு,” என்றார் அம்பலவாணன், தமது பழைய நல்ல ஆங்கிலத்தில்.

“ஆனால் ஆட்டக்காரர் அதில் தூங்குவார். தூக்கம் உடலுக்கு வலுத் தரும். வலு ஆட்டத்தில் தெரியும்,” என்றார் தலைவர்.

“ராஜாளிகளின் கப்டனும் ஒரு வீட்டில்தானே தூங்குகிறார்? ஆற்றைப் பார்த்த மாடிவீடு என்று கேள்விப்பட்டேன். அவருக்கு அது யார் கொடுத்தது?”

தலைவர் இரக்கத்தோடு சிரித்தார். குழந்தைகள் கேட்கும் கேள்விக்குச் சிரிப்பதுபோல.

“அது ஒரு மது வணிகர் கொடுத்தது. அவர் கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத சுயாதீன மூன்றாம் நபர். கப்டன் அவருடைய திராட்சைத் தோட்டத்துக்கு நல்லெண்ணத் தூதுவராக இருக்கிறார். அதற்குரிய சன்மானம் உச்சவரம்புக்குள் வராது.”

“கப்டன் மது அருந்துவாரா?”

“தொடவே மாட்டார். அதனால்தான் அவருடைய நடுநிலைமை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது.”

“அந்த வணிகர் யார்?”

“என் மைத்துனர்,” என்றார் தலைவர், மேசையில் இருந்த போத்தலை அன்போடு காட்டி. “உங்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. அதை நான் வரவேற்கிறேன். எங்கள் விதிநூலில் மாமனார் இருக்கிறார், மைத்துனர் இல்லை. விதியில் இல்லாத உறவைப் புகுத்த எனக்கு அதிகாரமில்லை. அந்த விதியை எழுதியவர் யார் என்று கேட்பீர்கள். நானும் என் மைத்துனரும்தான் எழுதினோம். அதன் உட்கருத்து எங்களுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.”

இதற்குமேல் வெளிப்படையாக ஓர் ஆணையம் எப்படி இருக்க முடியும்? அம்பலவாணன் பாலசுப்பிரமணியனைப் பார்த்தார். பாலசுப்பிரமணியன் மேசைவிரிப்பைப் பார்த்தார்.

அப்போது ஆணையத்தின் சமத்துவ நிபுணராகிய ஓர் அம்மையார் எழுந்து, தமக்குப் புதிதாய் ஒரு வெளிச்சம் கிடைத்திருப்பதாகச் சொன்னார். கடைசி இடத்திலுள்ள கழகத்துக்குப் புது ஆட்டக்காரரில் முதல் தெரிவு கொடுப்பது இந்த ஆட்டத்தின் அழகிய மரபு. அந்த மரபை மாமனார்களுக்கும் நீட்டினால் என்ன? “நல்ல மாமனார் ஒருவர் ஒரே கழகத்தில் தேங்கி நிற்பது சமூக அநீதி,” என்றார் அவர். “மாமனார்களை ஒரு பொதுத் தொகுதியில் சேர்ப்போம். தோற்ற கழகம் முதலில் எடுக்கட்டும்.”

அந்த ஆண்டு கடைசியில் இருந்தது ஸ்ட்ரெதம் கழகம். விசாரணைக்கு வந்திருந்த அதன் மேலாளர் அம்பலவாணனை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் மாடு பார்க்கிறவனுக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை.

“உங்களுக்கு இன்னொரு மகள் உண்டா?” என்று கேட்டார்.

“ஒருத்திதான்.”

“சகோதரர் மகள்?”

“கலியாணம் முடித்துவிட்டாள்.”

“அந்த மாப்பிள்ளை பந்து உதைப்பாரா?”

யோசனையை ஆராய ஒரு துணைக்குழு நியமிக்கப்பட்டது. தலைவர் தீர்ப்புக்கு வந்தார். வழி இரண்டு. ஒன்று, கொடுப்பதையெல்லாம் சம்பளமாகக் கணக்கிட்டு மயில்களின் புள்ளிகளை அழித்து, யதுசனை இறுதியாட்டத்திலிருந்து நிறுத்துவது. மற்றது, அம்பலவாணனும் மது வணிகரைப்போலச் சுயாதீன மூன்றாம் நபராகப் பதிந்துகொள்வது. விளம்பரத்தை விலக்க வேண்டும். இறுதியாட்டம் முடியும்வரை யதுசன் தமக்கு எந்த உறவும் இல்லாதவன் என்று கையெழுத்திட்டு, பொது இடத்தில் அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். அதன்பின் வீடென்ன, வீதியையே எழுதிக் கொடுக்கலாம்.

“கலியாணம் அதற்கு முந்திய சனிக்கிழமை,” என்றார் அம்பலவாணன்.

“தாராளமாக நடத்துங்கள். பெண்ணின் தந்தையாக இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆட்டக்காரரின் மாமனாராக இருப்பதில்தான் சிக்கல்.”

“பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்கு மாமனாக இல்லாமல் இருப்பது எப்படி?”

“அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்திருக்கிறோம்,” என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்து அம்பலவாணன் சால்வையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “நான் கையெழுத்து வைக்கமாட்டன். எங்கட பரம்பரையில ஆரும் உறவை இல்லை எண்டு எழுதிக் குடுத்ததில்லை.”

மேனுஷா தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். “அப்பா, ஜஸ்ட் ஒரு பேப்பர். ஒரு மாசம். யதுக்கு இந்த ஃபைனல் எவ்வளவு முக்கியம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

யதுசன் கதிரையில் அசைந்து உட்கார்ந்தான். “மாமா, நான் உங்களைக் கேக்கமாட்டன். ஆனா எங்கட டீமில ஒருத்தனும் ஃபைனல் கண்டதில்லை. கப்டன் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகுறான். எனக்காக இல்லை, அவங்களுக்காக.”

கேட்கமாட்டேன் என்று சொல்லிக் கேட்கிறவனுக்கு மறுப்புச் சொல்வது கடினம். மகளின் முகத்தைப் பார்த்தார். மறுநாள் கையெழுத்து வைத்தார். வைத்த கையைப் பிறகு வெகுநேரம் கழுவினார் என்று கலாவதி சொல்வாள்.

பயிற்சி வகுப்பு கணினி வழியாக நடந்தது. ஆட்டக்காரரைப் பொது இடத்தில் கண்டால் தலையசைக்கலாம், தோளில் தட்டக் கூடாது; சுகம் விசாரிக்கலாம், சாப்பிட்டாயா என்று கேட்கக் கூடாது, ஏனென்றால் அக்கேள்வி கொடுக்கும் எண்ணத்தைக் காட்டுகிறது என்று ஓர் இளம்பெண் புன்னகை மாறாமல் கற்பித்தாள். முடிவில் நடந்த பரீட்சையில் அம்பலவாணன் முதல் தடவை தோற்றார். ‘யதுசன் பசியோடு வந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற வினாவுக்குச் சரியான விடை, ‘என் கவலையல்ல’ என்பது.

சனிக்கிழமைப் பார்சல் நிற்கவில்லை, பாதைதான் மாறியது. கலாவதி அதை அடுத்த வீட்டு ஜெகதீஸ்வரிக்குக் கொடுப்பாள். ஜெகதீஸ்வரி தனக்குத் தெரிந்த ஒருத்திக்குக் கொடுப்பாள். அவளுடைய புருஷன் அதை யதுசனுக்குக் கொண்டுபோவான். ஆணையம் அதை ஆராய்ந்து, முற்றிலும் சுயாதீனமான நண்டு என்று சான்றளித்தது.

“போய்ச் சேரேக்குள்ள நண்டில ரெண்டு கால்தான் மிஞ்சியிருக்காம்,” என்று கலாவதி ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டாள்.

“அக்கா, தொடர்பில்லாத ஆள் எண்டால் என்ன குடுக்கிறம் எண்டு தெரிஞ்சுதானே குடுக்க வேணும்,” என்றாள் ஜெகதீஸ்வரி. “ருசி பாக்காமல் நான் என்னெண்டு பொறுப்பெடுக்கிறது?”

ராஜாளிகளின் கப்டனுக்கு மாடிவீடு போய்ச் சேர்ந்ததும் இதே பாதையில்தான். வழியில் யாரும் ஓர் அறையைக் கழற்றி எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

மயில்கள் அரையிறுதியில் வென்றார்கள். அம்பலவாணன் மைதானத்தின் மறுகோடியில், எதிரணி ஆதரவாளர்களுக்கு நடுவே, எந்த உறவும் இல்லாத மனிதராக நின்று பார்த்தார். யதுசன் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து பந்தை வானத்திலிருந்து பறித்தபோது, கையைத் தட்டாமல் இருப்பதற்காகக் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், “அந்தப் பையன் யார், தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது,” என்றார் அம்பலவாணன்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

கலியாண மண்டபத்தில் காலையிலேயே சனம் நிறைந்துவிட்டது. மெல்பேர்ன் உறவினர் ஒரு பக்கம்; மயில்களின் ஆட்டக்காரர்கள் வேட்டியை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம். ஓமகுண்டத்துக்கு எதிரே மண்டபத்து மேலாளர் தீயணைக்கும் கருவியோடு நின்றார். முன்வரிசையில் பாலசுப்பிரமணியன், ஆணையத்தின் பார்வையாளராக, பட்டுச் சட்டையில் இருந்தார். கழுத்தில் லீக்கின் அடையாள அட்டை தொங்கியது. அம்பலவாணனின் கையில் ஆணையம் ஒப்புதல் அளித்த வாசகம் இருந்தது.

கன்னிகாதானத்துக்கு நேரம் வந்தது. மணவறையில் அம்பலவாணன் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்தார். கலாவதி நீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றாள். குருக்கள் ஒலிவாங்கியை நீட்டினார்.

அம்பலவாணன் வாசகத்தைப் பார்த்து வாசித்தார். “என்னுடைய மகள் மேனுஷாவை, எனக்குத் தொடர்பில்லாத ஒருவருக்கு…”

குருக்கள் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “என்ன வாசிக்கிறியள்?”

“ஆணையம் தந்தது ஐயா.”

“ஐயா, தெருவால போறவனுக்குக் கன்னிகாதானம் இல்லை. தாறவர் ஆர், அவரின்ர தகப்பன் ஆர், பாட்டன் ஆர். வாங்கிறவர் ஆர், அவர் ஆரின்ர பிள்ளை, அதெல்லாம் சபையில சொல்ல வேணும். சொல்லாட்டி இது தானமில்லை, கைமாத்து. முகூர்த்தம் போகுது.”

கலாவதி செம்பைச் சரிக்கவில்லை; அவள் கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்பலவாணன் யதுசனைப் பார்த்தார். அவன் தலைப்பாகைக்குக் கீழே வேர்த்திருந்தான். அவன் கண் ஒருமுறை தன் அணியினர் இருந்த பக்கம் போய் வந்தது. அங்கே செம்பட்டைத் தலைக் கப்டன், வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி, என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்தவனிடம் கேட்டறிந்துகொண்டிருந்தான். கேட்டு முடித்தவன் யதுசனைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். பிறகு தலையை ஆட்டினான்.

“சொல்லுங்கோ மாமா,” என்றான் யதுசன்.

பல நாளாக அந்தச் சொல்லை அவர் கேட்கவில்லை. வாசகத்தை மடித்து இடுப்பில் செருகினார். ஒலிவாங்கி தேவைப்படாத குரலில் சொன்னார்:

“வைத்திலிங்கத்தின்ர பூட்டப்பிள்ளையும், கந்தப்பிள்ளையின்ர பேத்தியும், அம்பலவாணன் எனக்கு மகளுமான மேனுஷாவை, என்ர மருமகன் யதுசனுக்குத் தாறன்.”

குருக்கள் மாப்பிள்ளை பக்கத்துப் பெயர்களைச் சொன்னார். கலாவதி நீரை வார்த்தாள். கெட்டிமேளம் முழங்கியது.

அந்த முழக்கத்தின் நடுவே பாலசுப்பிரமணியன் மணவறை ஓரமாக ஏறிவந்து அம்பலவாணனின் காதருகே குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

“சார், கெட்டிமேளம் கொட்டுறதே கெட்ட வார்த்தை எதுவும் காதுல விழக்கூடாதுன்னுதான். நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு விழவே இல்லை. மேளச் சத்தம். அப்படியே எழுதிடறேன். பையன் அடுத்த வாரம் ஆடட்டும்.”

தப்புவதற்கு இதைவிட நல்ல வழி வராது. பேசாமல் நின்றால் போதும்.

“கெட்ட வார்த்தையோ?” என்றார் அம்பலவாணன். “நான் சொன்னது கெட்ட வார்த்தையோ தம்பி?”

“ஐயோ சார், அதுக்குச் சொல்லல…”

அம்பலவாணன் கையை உயர்த்தினார். தவில்காரர் திகைத்து நிறுத்தினார். நாதஸ்வரம் நடுமூச்சில் நின்றது. தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இவருக்கு மேளச் சத்தத்தில கேக்கேல்லையாம்,” என்றார் சபையைப் பார்த்து. “காது கேளாத ஆளைச் சாட்சிக்கு வச்சுக் கலியாணம் செய்தனாங்கள் எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. இன்னொருக்காச் சொல்லுறன்.”

சொன்னார். பூட்டன், பாட்டன், தாம், மகள், மருமகன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் நிறுத்தி, பாலசுப்பிரமணியனைப் பார்த்து, அவர் தலையாட்டிய பிறகே அடுத்த பெயருக்குப் போனார். ‘மருமகன்’ என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை சொன்னார். இறுதியாட்டம் அந்தச் சொல்லோடு போயிற்று என்பது வேட்டி கட்டிய மயில்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவர்களுடைய கப்டன்தான் முதலில் எழுந்து கைதட்டினான். எழும்போது வேட்டியை விட்டுவிட்டதால் மறுபடி அவசரமாக உட்கார்ந்தான்.

“சார், இப்ப நான் எழுதித்தான் ஆகணும்,” என்றார் பாலசுப்பிரமணியன்.

“எழுதுங்கோ. என்ன குற்றம் எண்டு போடுவியள்?”

“ஆட்டக்காரரை மருமகன்னு பகிரங்கமா ஒத்துக்கிட்டது.”

“ஒத்துக்கொண்டது எண்டு போடாதேங்கோ. களவெடுத்தவன் ஒத்துக்கொள்ளுறது. அறிவிச்சது எண்டு போடுங்கோ.”

பாலசுப்பிரமணியன் அழித்து எழுதினார்.

“வாசியுங்கோ.”

வாசித்தார். வைத்திலிங்கத்தில் தொடங்கி யதுசனில் முடித்தார். மண்டபம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. மெல்பேர்ன் சம்பந்தியார் எழுந்து நின்றார்.

அம்பலவாணன் சால்வையைச் சரிசெய்தார்.

“இப்ப சரி,” என்றார். “மேளத்தைத் தொடங்கச் சொல்லுங்கோ.”